டியூன்: 43ஆம் பக்கத்தில் நிற்கும் புத்தகக்குறி

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை வாங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது, மூன்று தடவை தொடங்கியும் 43ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, நடுவில் புதிய படங்கள் இரண்டையும் பார்த்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் புத்தகத்தைப் படிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா, படிப்பதென்றால் பின்னால் இருக்கும் அருஞ்சொற்பொருளை முதலில் படித்துவிட வேண்டுமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். வரிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் தெரிகிறது. ஊரே கொண்டாடும் புத்தகம் எனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை, குறை என்னிடமா? அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தக் கேள்வியோடு நானும் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துவது என் தொழில். அறிவியல் புனைகதைக்கென்று ஒரு விருப்பப்பாடம் உண்டு. அதைப் பதினோரு வருடம் நடத்தினேன். அதில் முதல் எட்டு வருடம் டியூனைப் படிக்காமலேயே நடத்தினேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை, அப்போது இருந்தது. பாடத்திட்டத்தில் அந்த நாவல் இல்லாததால் தப்பித்தேன். யாராவது பேச்சை எடுத்தால் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டுவேன். ஒரு செமஸ்டர் தேர்வில், கற்பனை உலகங்களில் பழக்கவழக்கங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்ற கேள்விக்கு ஒரு மாணவி டியூனில் வரும் விருந்துக் காட்சியை வைத்து நாலு பக்கம் எழுதியிருந்தார். நன்றாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. சரியாக எழுதியிருக்கிறாரா என்று சொல்ல எனக்கு வழியில்லை. குத்துமதிப்பாக 15க்கு 9 போட்டேன். அந்த விடுமுறையில்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

இத்தனை வருடம் ஒதுக்கியதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. புத்தகம் தடி. வரைபடம், அகராதி, பின்னிணைப்பு என்று ஒரு கதைக்கு எதற்கு இவ்வளவு தளவாடம் என்ற எரிச்சல். அப்புறம் அதைப் பிடித்தவர்கள் பேசுகிற விதம். படிக்காதவனைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்பு. உண்மைக் காரணம் வேறு. புகழ்பெற்ற புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று உணர்வதற்குப் பயம். படிக்காமல் வைத்திருந்தால் அந்தப் பரீட்சையே நடக்காது அல்லவா? உங்கள் விஷயத்தில் பரீட்சை மூன்று முறை நடந்து மூன்று முறையும் பாதியில் எழுந்து வந்திருக்கிறீர்கள். என்னைவிடத் தைரியசாலி என்றுதான் சொல்வேன்.

குறை உங்களிடம் இல்லை என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது, இந்தப் புத்தகத்தின் பிறப்பு. டியூன் முதலில் 'அனலாக்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் 1963 டிசம்பர் தொடங்கி 1965 வரை இரண்டு தொடர்களாக வந்தது. புத்தகமாக்க முயன்றபோது இருபது பதிப்பகங்கள் அளவில் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965இல் அதை வெளியிட்டது சில்ட்டன் என்ற நிறுவனம், கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்போனது. அங்கே ஆசிரியராக இருந்த ஸ்டெர்லிங் லேனியர் தொடரைப் படித்து மயங்கியதால் நடந்த காரியம் இது. அடுத்த வருடமே அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது, அதுவும் இன்னொரு நாவலோடு பங்கிட்டு. நாவலுக்கான முதல் நெபுலா விருதும் இதற்குத்தான். ஆக, இதையே தொழிலாகக் கொண்ட இருபது பேர் கீழே வைத்த புத்தகத்தை நீங்களும் கீழே வைத்திருக்கிறீர்கள். 1984இல் டேவிட் லிஞ்ச் இதைப் படமாக எடுத்தபோது, சில திரையரங்குகளில் பார்வையாளர்களுக்குச் சொற்பொருள் அச்சடித்த தாளையே கொடுத்தார்கள். படம் பார்க்க வந்தவனிடம் நோட்ஸ் கொடுக்கிற அளவுக்கு இந்தக் கதையைக் கண்டு பயம் இருந்திருக்கிறது.

சரி, அருஞ்சொற்பொருள். முதலில் படிக்காதீர்கள் என்பது என் உறுதியான பதில். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகுமுன் அங்கே வரப்போகிற அத்தனை பேரின் உறவுமுறையையும் மனப்பாடம் செய்துவிட்டா போகிறோம்? போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்டால், யார் மாமா யார் மச்சான், யார் யாரோடு பேசுவதில்லை என்பது தானாக விளங்கிவிடும். ஹெர்பர்ட் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நாவலின் முதல் வாக்கியத்தை மறுபடி பாருங்கள்: ஒரு குடும்பம் வேறு கிரகத்துக்குக் குடிபெயரப் போகிறது, வீட்டில் மூட்டைகட்டும் களேபரம், அந்த வாரத்தில் ஒரு கிழவி பையனின் அம்மாவைப் பார்க்க வருகிறாள். அவ்வளவுதான். அதற்கடுத்து வரும் 'கோம் ஜப்பார்' என்ற சொல் உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். சில பக்கங்களில் அந்தக் கிழவியே அதைப் பையனின் கழுத்தருகே பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நுனியில் விஷம் தடவிய ஊசி. அவன் கை ஒரு பெட்டிக்குள். வலி ஏற ஏறக் கையை வெளியே இழுத்தால் ஊசி இறங்கும். பொறியில் சிக்கிய மிருகம் தன் காலையே கடித்துத் துண்டித்துக்கொண்டு ஓடும், மனிதன் என்றால் வலியைத் தாங்கிக்கொண்டு பொறி வைத்தவன் வரும்வரை காத்திருப்பான் என்கிறாள். இதற்கு எந்த அகராதியும் வேண்டாம். புரியாத சொல் வந்தால் அடுத்த அத்தியாயம் வரை பொறுத்திருங்கள். முக்கியமானதாக இருந்தால் திரும்பி வரும். வராவிட்டால் அது வெறும் திரைச்சீலை.

(ஒரு சின்ன வேடிக்கை. வில்லன் ஹார்கோனனின் 'Baron' என்ற பட்டத்தைத் தமிழில் எழுதினால் 'பேரன்' என்று வந்து நிற்கும். வகுப்பில் ஒரு மாணவர் கால்வாசிக் கதை வரை அவர் யாருக்கோ பேரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் 'பாரன்' என்று எழுதிவிடுகிறேன்.)

உங்களை 43ஆம் பக்கத்தில் நிறுத்தியது சொற்கள்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் எழுதியதில் ஒரு வரி, "எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார், பிறகு எதற்குப் படிப்பது" என்று போகிற போக்கில் வருகிறது. நோய் அங்கேதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே பாரன் தன் ஆட்களோடு உட்கார்ந்து சதித்திட்டம் முழுவதையும் பேசிவிடுகிறார். பையனின் அப்பா டியூக் லெட்டோவின் வீட்டில் இருக்கும் துரோகி டாக்டர் யூயேதான் என்று பெயரோடு சொல்லிவிடுகிறார்கள். அதுவும் போதாதென்று ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இளவரசி இருலான் எழுதியதாக ஒரு குறிப்பு வரும். அவள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதுகிற வரலாற்றுக்காரி. டியூக்கைக் காட்டிக்கொடுத்தவர் என்றே யூயேயை அறிமுகப்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அந்த மனிதரை அன்போடு பையனின் அறைக்குள் அனுப்புகிறார் ஹெர்பர்ட். யூயே அவனுக்கு ஒரு குட்டி வேதப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில் படிப்பவருக்கு இதைவிட ஏமாற்றம் வேறில்லை.

ஆனால் இந்த முறை நமக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையாவான் என்று தெரிந்துகொண்டேதான் அவன் கண்ணகியோடு புகாரைவிட்டுக் கிளம்புவதைப் படிக்கிறோம். தெரிந்திருப்பதால்தான் அந்தப் பயணத்தின் ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. டியூனின் முதல் பாகத்தை அந்தக் கண்ணோடு படித்தால் அது வேறு புத்தகமாகிவிடும். பொறி இருக்கிறது என்று டியூக் லெட்டோவுக்கே தெரியும், தெரிந்தே போகிறார். அவருடைய ஆலோசகர் தூஃபிர் ஹவாத் மனிதக் கணிப்பொறி போன்ற மூளைக்காரர். அந்த உலகில் சிந்திக்கும் இயந்திரங்களுக்குத் தடை, ஆகவே மனிதர்களையே அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். அவ்வளவு மூளையும் பால் என்ற அந்தப் பையனின் அம்மா ஜெஸ்ஸிகாவைச் சந்தேகிப்பதில் வீணாகிறது. யூயேயின் மீது யாருடைய கண்ணும் போவதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. எழுத்துப் பட்டறைகளில் ஒரு காட்சிக்கு ஒருவர் மனம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஹெர்பர்ட் ஒரே காட்சியில் நாலு பேர் தலைக்குள் புகுந்து வருவார். அவர்கள் மனதில் நினைப்பது சாய்ந்த எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் எனக்கு இது கரடுமுரடாகப் பட்டது. பிறகுதான் பிடிபட்டது: அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கு ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. கதையின் விறுவிறுப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. படத்தில் இதைக் கொண்டுவருவது கடினம், முகங்களைத்தான் காட்ட முடியும்.

அப்படியென்றால் படம் பார்த்தவருக்கு மிச்சம் என்ன? முதலில் தண்ணீர். படத்திலும் அது உண்டு. பாலைவன மக்களான ஃப்ரெமன்களின் தலைவர்களில் ஒருவரான ஸ்டில்கர் வந்து டியூக்கின் மேஜையில் எச்சில் துப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் கொதித்தெழ, டியூக்கின் வீரன் டங்கன் ஐடஹோ தடுத்து, உன் உடலின் ஈரத்தைப் பரிசாகத் தந்ததற்கு நன்றி என்று சொல்லித் தானும் துப்புவான். புத்தகத்தில் இந்தத் தர்க்கம் பக்கத்துக்குப் பக்கம் கசிந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் பால் முதன்முறையாக ஒருவனைக் கொன்றுவிட்டு, அவனுடைய இறுதிச்சடங்கில் அழுகிறான். சுற்றி நிற்பவர்கள் அதிர்ந்துபோய், இவன் செத்தவனுக்கு ஈரம் கொடுக்கிறான் என்று கிசுகிசுக்கிறார்கள். நமக்கு அது கண்ணீர், அவர்களுக்கு அது காணிக்கை. அந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் புத்தகத்தை மன்னிக்கலாம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

அப்புறம் அந்த விருந்து. 2021இல் வந்த படத்தில் அது இல்லவே இல்லை. புது ஊரின் பெரிய மனிதர்களுக்கு டியூக் விருந்து வைக்கிறார். வாசலில் கைகழுவத் தொட்டிகளும் துண்டுகளும். வருகிறவர்கள் கையை நனைத்து, சில கோப்பைத் தண்ணீரைத் தரையில் கொட்டி, துடைத்த துண்டை அந்தக் குட்டையிலேயே எறிந்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் அங்கே மரபு. விருந்து முடிந்ததும் வெளியே நிற்கும் பிச்சைக்காரர்களுக்கு அந்தத் துண்டுகளைப் பிழிந்த தண்ணீர். சொட்டுக்கு ஆள் சாகும் கிரகத்தில் பணக்காரன் தன் வசதியைக் காட்டுவதற்கு இதைவிடக் குரூரமான வழி இருக்க முடியுமா? டியூக் அதை அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். இனி வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை தண்ணீர் என்று உத்தரவு போடுகிறார். நல்ல மனிதர் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே நொடியில், இந்த நல்லதனம் இவரைக் காப்பாற்றப் போவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். பிறகு மேஜையில் ஒரு வங்கிக்காரரின் பேச்சுக்குப் பதிலாக, நீரில் மூழ்கிய மீனவன் ஒருவனின் கதையைப் பதினைந்து வயதுப் பால் சொல்கிறான். மூழ்கியவனின் தோளில் இன்னொருவனுடைய காலணித் தடம், மேலே வருவதற்காக இவன் மேல் ஏறி நின்றிருக்கிறான். வெறும் கதை போலச் சொல்லும் மிரட்டல். அந்த மேஜையில் சண்டை முழுக்க இப்படிப்பட்ட பேச்சால்தான் நடக்கிறது.

இரண்டாவது மிச்சம், தீர்க்கதரிசனம் எப்படித் தயாராகிறது என்பது. ஜெஸ்ஸிகா சேர்ந்திருக்கும் பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு பல கிரகங்களில் பல தலைமுறைக்கு முன்பே கட்டுக்கதைகளை விதைத்து வைத்திருக்கிறது, பின்னால் தங்கள் ஆள் யாராவது மாட்டிக்கொண்டால் உதவும் என்று. வீட்டுவேலைக்கு வரும் ஃப்ரெமன் மூதாட்டி ஒரு கத்தியைக் காட்டி, இது என்ன தெரியுமா என்று கேட்கிறாள். 'சாவை ஆக்குவது' என்று பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்க்கிறாள் ஜெஸ்ஸிகா. ஆங்கிலத்தில் 'மேக்கர்' என்ற சொல்தான் முதலில் வரும். அதைச் சொன்னதுமே மூதாட்டி அலறிவிடுகிறாள், அது அந்தப் பாலைவனத்தின் ராட்சத மணல்புழுவுக்கு அவர்கள் சொல்லும் பெயர். பாதியில் நின்ற ஒரு வாக்கியம் தெய்வவாக்காகிவிட்டது. ஜெஸ்ஸிகா என்ன சொல்ல வந்தாள் என்பது புத்தகம் படிப்பவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனி வருவதெல்லாம் என் கருத்து, மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த நாவல் நாயகர்களை நம்பாதே என்று எச்சரிக்க எழுதப்பட்டது என்பார்கள். ஹெர்பர்ட்டும் பின்னாளில் அப்படித்தான் பேசினார். புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பாலைவனத்தில் சாகக் கிடக்கும் சூழலியல் அறிஞர் கைன்ஸ், இறந்துபோன தன் அப்பாவின் குரலைப் பிரமையில் கேட்கிறார். ஒரு மக்கள்கூட்டத்துக்கு வரக்கூடிய மிகப் பெரிய அழிவு, ஒரு நாயகன் கையில் அது விழுவதுதான் என்கிறது குரல். கதையின் நடுவே, சாகிறவன் காதில் இதை ஒளித்து வைத்திருக்கிறார். ஆனால் எச்சரிக்கை வாசகருக்குப் போய்ச் சேர்ந்ததா? பாதிதான் என்பேன். ஃப்ரெமன்களின் நாயகனாகிவிடும் பாலின் வெற்றியை அவ்வளவு போதையோடு எழுதிவிட்டு, குடிக்காதே என்றால் யார் கேட்பார்? அனலாக் ஆசிரியர் ஜான் கேம்பல் டியூனை விரும்பி வெளியிட்டவர். பாலின் வீழ்ச்சியைச் சொல்லும் அடுத்த நாவலை அவர் வேண்டாம் என்றுவிட்டார். அது 1969இல் வேறு பத்திரிகையில் வந்தது. முதல் வாசகரே நாயகனைத்தான் எடுத்துக்கொண்டார், எச்சரிக்கையை அல்ல. 2024 படம் இந்த இடத்தில் புத்தகத்தைத் திருத்துகிறது: பாலின் காதலி சானி கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகிறாள். புத்தகத்தில் அவள் போவதில்லை. கடைசி வரிகளில் ஜெஸ்ஸிகா அவளுக்குச் சொல்லும் ஆறுதலைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலும் துக்கமும் சேர்ந்தே வரும்.

வேறு குறைகளும் உண்டு. மூன்றாம் பாகம் அவசரக்கோலம். நடுவில் இரண்டு வருடம் தாவிவிடுகிறது. பாலின் குழந்தை இறப்பது வந்த சுவடு தெரியாமல் கடந்துபோகிறது. பாரனின் பருத்த உடலையும் ஆண்கள் மேலான அவர் இச்சையையும் அவருடைய கொடூரத்துக்கு அடையாளமாக்கியிருப்பது இன்று படிக்கக் கூசுகிறது, காலம் அப்படி என்று சொல்லி நான் மழுப்ப விரும்பவில்லை. அரபுச் சொற்களையும் இஸ்லாமியக் கருத்துகளையும் அள்ளி எடுத்திருப்பது மரியாதையா சூறையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அரபு தெரியாது. தெரிந்தவர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், அவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

செய்ய வேண்டியது என்ன என்றால், அந்தப் புத்தகக்குறியை உருவிவிட்டு முதல் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, இருலானின் குறிப்புகள்தான் எல்லைக்கல். ஒரு அத்தியாயம் முடித்ததும் அதன் தலைப்பில் இருந்த குறிப்பை மறுபடி ஒருமுறை படியுங்கள். முதலில் அலங்காரமாகத் தெரிந்தது இப்போது குத்தும். பின்னிணைப்புகளில் சூழலியல் பற்றியதை மட்டும் நாவலை முடித்த கையோடு படியுங்கள், மற்றவை உங்கள் இஷ்டம். விருந்துக் காட்சி ஏறத்தாழ கால்வாசியில் வரும். அதுவரை கெடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் உங்களை இழுக்கவில்லை என்றால் மூடி யாருக்காவது கொடுத்துவிடுங்கள், குற்றவுணர்வே வேண்டாம். பிடித்துப்போனால் அடுத்த நாவலான 'டியூன் மெசையா'வையும் படியுங்கள். அளவில் சிறியது, முதல் நாவலில் முணுமுணுத்ததை வாய்விட்டுச் சொல்கிறது. ஹெர்பர்ட் 1986இல் இறக்குமுன் மொத்தம் ஆறு எழுதினார். நான் மூன்றோடு நின்றேன், நான்காவதைத் தொடும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.

விடைத்தாள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புத்தகத்தை முடித்த பிறகு, அந்த மாணவி எழுதியிருந்ததை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரே ஒரு பிழைதான் கண்ணில் பட்டது. துண்டைப் பிழிந்து தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் டியூக் என்று எழுதியிருந்தார், நிறுத்தியவர்தான் அவர். அதற்கு இரண்டு மதிப்பெண் குறைக்கலாம். 13 போட்டிருக்க வேண்டும்.